றம்பொடை ஏற்றமும் ஓர் அலுமினிய வட்டும்

ஒயில் மூடியைக் கழற்றிய கராஜ் பாஸ், உள்பக்கத்தை விரலால் வழித்து என்னிடம் நீட்டினார். தயிரில் டீயை ஊற்றிக் கலக்கிய மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக ஒரு பசை. "தம்பி, ஹெட் கேஸ்கட் போயிருச்சு போல. ஒயில்ல தண்ணி கலந்திருக்கு. கழட்டிருவோமா?" என்றார். எஞ்சினின் ஹெட்டுக்கும் ப்ளொக்குக்கும் நடுவே தண்ணீரையும் ஒயிலையும் கலக்காமல் பிரித்து வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். பழைய டர்போ டீசல் வேன் வைத்திருப்பவனுக்கு இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. காலையில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் குமிழியும் வரவில்லை. டிப் ஸ்டிக்கில் ஏறிய ஒயில் கறுப்பாகத்தான் இருந்தது, பால் மாதிரி ஆகியிருக்கவில்லை. "இரண்டு நாள் பொறுங்க பாஸ்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த இரண்டு நாளில்தான் விஷயம் பிடிபட்டது. ஹெட்டில் ஒரு கோளாறும் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் நான் ஆசைப்பட்டுப் பூட்டிய ஒயில் கூலர், அதாவது எஞ்சின் ஒயிலைக் காற்றில் குளிர்விக்கும் சின்ன ரேடியேட்டர், ஒயிலைச் சூடேறவே விடாமல் வைத்திருந்தது.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் 80களிலும் 90களிலும் ஜப்பானில் செய்த டர்போ டீசல்கள், அதாவது எக்ஸோஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பூட்டிய வண்டிகள், இன்னும் நிறைய ஓடுகின்றன. மிட்சுபிஷியின் 4டி56 போட்ட டெலிக்கா, பஜேரோ, டொயோட்டாவின் 2சி-டி போட்ட டவுன் ஏஸ், 2எல்-டி போட்ட ஜீப் வண்டிகள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியும் அதன் பிறகு வந்த விலைகளும் சேர்ந்து, ஓடுகிற வண்டியைக் காப்பாற்றுவதுதான் நமக்குள்ள ஒரே வழி என்று ஆக்கிவிட்டன. அதனால் "டர்போவைக் காப்பாற்ற ஒயில் கூலர் பூட்டு" என்ற பேச்சு கராஜுக்குக் கராஜ் கேட்கிறது. பேச்சில் தப்பில்லை. ஆனால் அந்தக் கூலரை எஞ்சினோடு இணைக்கும் உள்ளங்கை அகல அலுமினிய வட்டைப் பற்றி, நாங்கள் பிளேட் என்று சொல்கிற அந்தச் சாமானைப் பற்றி, யாரும் அதிகம் பேசுவதில்லை. கெட்டதும் நல்லதும் அங்கேதான் முடிவாகின்றன.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர். நுவரெலியா 1868 மீட்டர். இடையில் ஏ5 வீதியில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தூரம் இருந்தாலும், கம்பளை வரைக்கும் பெரிய ஏற்றம் இல்லை. புசல்லாவை கடந்து றம்பொடை, லபுக்கலை என்று வளைந்து வளைந்து போகும் பகுதியில்தான் உயரத்தின் பெரும்பங்கை ஏறுகிறோம். ஆட்களும் பெட்டிகளுமாக வேன் 2 தொன் என்று வையுங்கள். 2000 கிலோவை 1350 மீட்டர் தூக்குவதற்கு 26 மெகாஜூலுக்குச் சற்று அதிகமான சக்தி வேண்டும். பௌதிகவியலில் படித்த கணக்குத்தான். ஒரு லீட்டர் டீசலில் இருப்பது சுமார் 36 மெகாஜூல். பழைய எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஆக, தூக்குவதற்கு மட்டுமே இரண்டு லீட்டருக்கு மேல் எரிகிறது. எரிந்ததில் ஒரு பங்கு சூடு சைலன்சர் வழியாகப் போய்விடும். இன்னொரு பங்கு, ஏறக்குறைய அதே 26 மெகாஜூல், எஞ்சினின் உடம்பிலேயே இறங்குகிறது. எழுபது லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி வரச் செய்யப் போதுமான சூடு அது. பெரும்பகுதியைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை ஒயில் சுமக்க வேண்டும்.

சமவெளியில் இதே வேலையைச் செய்தால் எதிர்க்காற்று உதவும். றம்பொடையில் செகண்ட் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது எதிர்க்காற்று என்று ஒன்று இருப்பதில்லை. பள்ளத்தாக்கிலிருந்து மேலே அடிக்கும் காற்று பின்னால் வந்தால், வண்டியைச் சுற்றிக் காற்று அசையாமல் நிற்பது போலத்தான். நுவரெலியா உயரத்தில் காற்றழுத்தமும் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் டர்போ அதே அழுத்தத்தைத் தர இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். பழைய எஞ்சின்களின் டீசல் பம்புகளில் பலவற்றுக்கு உயரம் தெரியாது. மெலிந்த காற்றிலும் அதே டீசலைக் கொடுக்கும். கறுப்புப் புகை வருவதும் எக்ஸோஸ்ட் சூடு கூடுவதும் அதனால்தான்.

இந்தச் சூட்டுக்கு நடுவில் டர்போவின் தண்டு சுற்றுகிறது, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். அதன் ஒரு முனையில் 600, 700 பாகைப் புகை அடிக்கிறது. இந்தப் பழைய டர்போக்களில் பெரும்பாலானவற்றில் பந்து பேரிங் இல்லை. வெண்கலப் புஷ்ஷுக்குள் ஒயில் படலத்தின் மேல் தண்டு மிதக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் வழி இல்லாத டர்போவாக இருந்தால் அந்தச் சூட்டை எடுத்துச் செல்ல ஒயிலைத் தவிர வேறு யாரும் இல்லை. டீசல் வண்டிகளுக்கு வழக்கமாக ஊற்றும் 15 டபிள்யூ 40 ரக ஒயில் 40 பாகையில் 100 சென்டிஸ்டோக்குக்கு மேல் கட்டியாக இருக்கும் (ஒயிலின் கட்டித்தன்மையை அளக்கும் அலகு அது). 100 பாகையில் 14, 15க்கு இறங்கும். 130 பாகையில் அதிலும் ஏறக்குறைய பாதி. படலம் மெலிய மெலியத் தண்டு புஷ்ஷில் உரச ஆரம்பிக்கிறது. சூடான ஒயில் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதும் உண்மை. 10 பாகை கூடினால் ஒயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு.

சரி, அப்படியென்றால் கூலர் வேண்டும்தானே? அதைத் தீர்மானிப்பதற்கு முன் ஒரு மீட்டர் பூட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன். டேஷ்போர்டில் இருக்கும் ஹீட் மீட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டுகிறது. ஒயில் வேறு கதை. தண்ணீர் 90இல் அசையாமல் நிற்கும்போதே ஒயில் 120ஐத் தாண்டிப் போகலாம். ஏற்றத்தின் உச்சியில் ஒயில் 110க்குள் நின்றால் உங்களுக்குக் கூலர் தேவையில்லை; அந்தப் பணத்தில் ரேடியேட்டரைக் கழற்றி ராட் அடித்துச் சுத்தம் செய்யுங்கள், ஃபேன் கிளச்சைப் பாருங்கள். 120க்கு மேல் ஏறி இறங்க மறுத்தால் கூலர் பற்றி யோசிக்கலாம். என் வண்டியில் லபுக்கலைக்கு வரும்போது முள் 120ஐத் தாண்டி நின்றது. சிவனொளிபாதமலைப் பருவத்தில் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போன ஓர் இரவில் இன்னும் மேலே போனது. எனக்குத் தேவை இருந்தது. பூட்டினேன். பிழை விட்டது அதற்குப் பிறகு.

மலைநாட்டில் எஞ்சினுக்கு இரண்டு வாழ்க்கை. மதியம் றம்பொடையில் கொதிக்கும். அதே வண்டி ஜனவரியில் நுவரெலியாவில் இரவு தங்கினால், விடியற்காலையில் வெளியே 5 பாகைக்குப் பக்கமாக இருக்கும். சில நாள் ரேஸ் கோர்ஸ் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அந்தக் குளிரில் அதே 15 டபிள்யூ 40 ஒயில் 500 சென்டிஸ்டோக்கையும் தாண்டிய பாகு. அங்கிருந்து ஹக்கலை வழியாக வெலிமடைக்கு இறங்கினால் ஆக்சிலேட்டரில் காலே வைக்கத் தேவையில்லை. எஞ்சின் சூடு உண்டாக்குவதில்லை, கூலரோ முகத்தில் அடிக்கும் குளிர்காற்றை வாங்கி இருக்கிற சூட்டையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒயில் சூடேறும்வரை அதைக் கூலர் பக்கம் போகவிடாமல் தடுக்கும் தெர்மோஸ்டட் இல்லாத பிளேட் பூட்டியிருந்த அந்த மூன்று மாதமும் தோட்டத்துக்கும் டவுனுக்கும் இடையே ஓடிய குட்டி ஓட்டங்களில் என் ஒயில் 60, 65க்கு மேல் ஏறவில்லை.

அது ஏன் கெடுதல்? ஒரு லீட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அனேகமாக எல்லாம் சைலன்சர் வழியாகப் போய்விடும். ஆனால் தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகக் கொஞ்சம், எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தொட்டியான சம்ப்புக்குள்ளும் இறங்கும். ஒயில் 90, 100 பாகைக்கு வந்தால் அது மறுபடி ஆவியாகி, எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாய் வழியாக வெளியேறிவிடும். வராவிட்டால் குளிர்ந்த இடங்களில், முதலில் டாப்பட் கவரின் உள்பக்கத்திலும் ஒயில் மூடியிலும், பசையாகப் படிகிறது. எரியாத டீசலும் அப்படியே ஒயிலில் தங்கி அதை நீர்த்துப்போகச் செய்கிறது. நான் கண்ட பசை இதுதான். கூலரின் முகத்தை ஓர் அட்டையால் மூடிக் கட்டிவிட்டு ஒரு வாரம் ஓடினேன். மூடி காய்ந்து சுத்தமாகிவிட்டது. அந்தக் காலத்து லொறிக்காரர்கள் கிரில்லில் சாக்கு கட்டிக்கொண்டு மலை ஏறியதற்குப் பின்னால் இருந்த அறிவும் இதே அறிவுதான்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் எத்தனையோ கராஜ்களில் ரேடியேட்டர் தெர்மோஸ்டட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள், "சூட்டு நாட்டுக்கு இது எதுக்கு" என்று. கொழும்பில் சொன்னாலும் அது சரியில்லை, நுவரெலியாவில் அதைச் சொல்வது எஞ்சினுக்குச் செய்யும் கொடுமை. ஒயில் கூலரிலும் அதே பழக்கம் தொடர்கிறது. தெர்மோஸ்டட் இல்லாத பிளேட் மலிவு, வேலை சுலபம், அதனால் அதையே பூட்டுகிறார்கள். மலைநாட்டுக்குத் தெர்மோஸ்டட் உள்ள பிளேட்தான் சரி. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

பிளேட் செய்யும் வேலை இதுதான். ஒயில் பம்ப் தள்ளும் ஒயில், எஞ்சின் ப்ளொக்கில் ஃபில்டர் உட்காரும் முகத்தின் வெளிவட்டத் துளைகள் வழியாக வெளியே வருகிறது, ஃபில்டரின் தாளைக் கடந்து நடுத்துளை வழியாக மறுபடி எஞ்சினுக்குள் போகிறது. பிளேட்டை ஃபில்டருக்கும் ப்ளொக்குக்கும் நடுவில், ரொட்டிக்கு நடுவே சம்பல் வைக்கிற மாதிரி வைத்து இறுக்குகிறோம். பெரும்பாலான பிளேட்டுகளில், வெளிவட்டத்தால் வரும் ஒயில் பிளேட்டின் ஒரு வாய் வழியாகக் கூலருக்குப் போய், மறு வாயால் திரும்பி வந்து, அதன் பிறகே ஃபில்டருக்குள் நுழையும். இது நல்ல ஏற்பாடு. கூலருக்குள் ஏதாவது தூசு இருந்தாலும் ஃபில்டர் பிடித்துவிடும். நடுவே இருக்கும், உள்ளே துளை உள்ள நீளமான பொல்ட் பிளேட்டை ப்ளொக்கோடு பிடிக்கிறது, அதன் மறு முனையின் மரையில் ஃபில்டர் ஏறுகிறது. தெர்மோஸ்டட் உள்ள பிளேட்டில் மெழுகு அடைத்த ஒரு சின்ன உருளை இருக்கும். ஏறக்குறைய 80 பாகை வரைக்கும் அது குறுக்கு வழியைத் திறந்து வைத்து ஒயிலை நேராக ஃபில்டருக்கு அனுப்பும். சூடேறி மெழுகு விரிந்தால் குறுக்கு வழி மூடும், ஒயில் கூலர் பக்கம் திரும்பும். கூலர் வழி மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஒயில் கூலருக்குள் கசிந்துகொண்டே இருக்கும்படி செய்திருப்பார்கள். அப்போதுதான் ஹோஸில் காற்று தங்காது, திடீரென்று பச்சைக் குளிர் ஒயில் எஞ்சினுக்குள் பாயாது.

வாங்கியதும் பூட்டுவதற்கு முன் அந்த மெழுகு உருளையைச் சோதித்துப் பாருங்கள். அடுப்பில் தண்ணீர் வைத்து, ஒரு தெர்மோமீட்டரோடு உள்ளே போட்டால் போதும். 1868 மீட்டரில் தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், ஆனாலும் 80ஐத் தாண்டுவதற்கு அது தாராளம். உருளை நீளவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி மரை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஆறுதலாகப் படியுங்கள். ஃபில்டர் ஏறும் மரையில் பல அளவுகள் உண்டு. ஜப்பான் எஞ்சின்களில் அடிக்கடி காண்பது இரண்டு. ஒன்று அங்குலக் கணக்கு, முக்கால் அங்குலத்தில் அங்குலத்துக்கு 16 மரை. மற்றது மில்லிமீட்டர் கணக்கு, எம் 20, மரை இடைவெளி 1.5. 4டி56 போன்ற மிட்சுபிஷி டீசல்களில் இதைவிடப் பெரிய எம் 26 வருகிறது. எம் 26க்கு மற்றது ஏறாது, அதனால் ஆபத்தில்லை. ஆபத்து முதல் இரண்டுக்கும் இடையில். முக்கால் அங்குலம் என்றால் 19.05 மில்லிமீட்டர், 16 மரை என்றால் இடைவெளி 1.59 மில்லிமீட்டர். எம் 20இன் விட்டம் 20, இடைவெளி 1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எம் 20 பெண்மரையை முக்கால் அங்குல ஆண்மரையில் ஏற்றினால் அது ஏறும், நாலைந்து சுற்றுச் சுற்றும், கையால் இறுக்கினால் இறுகின மாதிரியும் இருக்கும். ஆனால் மரைகள் ஒன்றையொன்று பாதிக்கும் குறைவாகத்தான் பிடித்திருக்கின்றன. ஒயில் குளிர்ந்து பாகாக இருக்கும் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் அழுத்தம் எகிறும். அந்த அழுத்தத்தில் பிளேட், ஃபில்டர், எல்லாம் ஒரேயடியாகக் கழன்று வரலாம். சம்ப்பில் இருக்கும் ஐந்தாறு லீட்டரும் ஒரு நிமிடத்துக்குள் ரோட்டில் கிடக்கும். ஒயில் விளக்கு எரிவதைப் பார்த்து நீங்கள் எஞ்சினை நிறுத்துவதற்குள் பேரிங் தன் வேலையை முடித்திருக்கும்.

எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும் என்று விற்கும் பிளேட் பெட்டிகளில் இந்த இரண்டு அளவுக்கும் பொல்ட் போட்டுத் தருவார்கள். என் பெட்டியிலும் இரண்டு இருந்தன, எதிலும் குறி இல்லை. மரை அளக்கும் சீப்பு ஒன்று எந்த லேத் கடையிலும் இருக்கும், இரவல் வாங்குங்கள். வேர்னியரால் விட்டத்தை அளந்து, சீப்பால் இடைவெளியைப் பாருங்கள். ப்ளொக்கில் இருப்பது பழைய ஃபில்டரின் அளவுதான், ஆகவே கழற்றிய ஃபில்டரில் புதுப் பொல்ட்டைக் கையால் ஏற்றிப் பாருங்கள். ஆடாமல், சிக்காமல் கடைசி வரை போக வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்று ஆடினால் அது வேறு அளவு. ஒயில் சூட்டு மீட்டரின் சென்சார் ஏறும் சின்ன மரையிலும் இதே கதை. பிளேட்டில் அமெரிக்கக் கணக்கில் அங்குலத்துக்கு 27 மரை, ஜப்பான் சென்சாரில் பல நேரம் 28. டேப் சுற்றி அழுத்தி ஏற்றிவிட்டால் அலுமினியம் தன் மரையை இழந்துவிடும்.

மரைக்கு அடுத்தது முகம். பிளேட்டின் ஓரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், எந்த விட்டத்தில் உட்காருகிறது, ப்ளொக்கில் சீவி மட்டமாக்கிய முகம் எவ்வளவு அகலம், இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஓரிங் முழுவதும் மட்டமான இடத்தில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் விளிம்பில் தொங்கினாலும் என்றாவது ஒரு குளிர்ந்த காலையில் பிதுங்கி வெளியே வரும். கிரீஸை முகத்தில் லேசாகத் தடவி, பிளேட்டை வெறுமனே அழுத்தி எடுத்தால் ஓரிங்கின் தடம் தெரியும். அதே சமயம் ப்ளொக்கின் முகத்தில் வேறு ஏதாவது துளையோ வால்வோ இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஒயிலைக் குறுக்கே விடும் வால்வு பல எஞ்சின்களில் ஃபில்டருக்குள் இருக்கும், சிலவற்றில் ப்ளொக்கின் முகத்திலேயே இருக்கும். பிளேட் அதை மூடிவிட்டால், ஃபில்டர் அடைத்த நாளில் எஞ்சினுக்கு ஒயில் போகாது. ஓரிங் கறுப்பு நைட்ரைல் ரப்பராக இருந்தால் மாற்றிவிடுங்கள். நாள்பட்ட சூட்டில் அது கட்டையாகிவிடும். வைட்டன் வகை 200 பாகை வரை தாங்கும், அதன் விலை ஒரு லீட்டர் ஒயிலின் விலைக்கு முன் பெரிதில்லை.

ஹோஸ் விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் பிழை ஒன்று. எஸ்கவேட்டருக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைக்குப் போய், "நல்ல கம்பி போட்டது குடுங்க" என்று கேட்போம். அவர்களும் நூறு பார் அழுத்தத்துக்கு மேல் தாங்கும் ஹைட்ரோலிக் ஹோஸைக் கொடுப்பார்கள். எஞ்சின் ஒயிலின் அழுத்தம் நாலைந்து பார்தான், அழுத்தத்தில் பிரச்சினையே இல்லை. பிரச்சினை சூட்டில். சாதாரண ஹைட்ரோலிக் ஹோஸ்களில் பெரும்பாலானவை 100 பாகைக்கு என்று செய்தவை. நம் ஒயில் ஏற்றத்தில் அதைத் தாண்டும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் நன்றாக இருக்கும். பிறகு உள் ரப்பர் வெடித்துக் கட்டையாகி, முனையில் கிரிம்ப் பண்ணிய இடத்தில் கசியத் தொடங்கும். ஹோஸின் மேல் அச்சடித்த சூட்டு அளவைப் படித்து, 125, 150 பாகை தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மெல்லிய ஹோஸ் ஒயிலின் அழுத்தத்தைத் தின்றுவிடும். பெண்முனையின் கோணமும் ஆண்முனையின் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். ரேஸ் கார் வகை முனைகளுக்கு 37 பாகைக் கூம்பு, ஹைட்ரோலிக் கடையில் கிடைக்கும் பிரிட்டிஷ் முனைகளுக்கு 60 பாகைக் கூம்பு. இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கி, கசிகிறதே என்று இன்னும் இறுக்கி, கடைசியில் பிளேட்டின் காதையே உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கூலரை வைக்கும் இடத்துக்கு டெலிக்கா, டவுன் ஏஸ் மாதிரி சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் வண்டிகள்தான் தலைவலி. ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் ஹோஸ் நீளும், ரேடியேட்டருக்குப் போகும் காற்றும் குறையும். ஏற்கனவே தண்ணீர் சூடாகும் வண்டியில் அப்படி வைப்பது நல்லதல்ல. அடியில் ஒரு பக்கமாக, சின்ன மின் ஃபேனோடு வைப்பவர்கள் உண்டு. தோட்டத்து ரோடுகளில் கல்லடியும் சேறும் படாமல் அதற்கு ஒரு தகரக் காப்பு வேண்டும். வாய்கள் இரண்டும் மேல் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும்படி வையுங்கள். கீழ்ப்பக்கமாக இருந்தால் மேலே காற்று சிறைப்படும். இன்னொன்று, பிளேட்டின் தடிப்பு அளவுக்கு ஃபில்டர் வெளியே தள்ளி நிற்கும். ஸ்டியரிங் தண்டு, எக்ஸோஸ்ட் பைப், கீழே தரை, எல்லாவற்றுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று ஜாக் போடாமல், வண்டி தன் எடையில் நிற்கும்போது பாருங்கள்.

காற்றில் குளிரும் கூலரைவிட மலைநாட்டுக்கு ஏற்றது ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஃபில்டருக்கும் ப்ளொக்குக்கும் நடுவே, இதே இடத்தில், ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் ஒரு கூலரைக் கம்பெனிக்காரர்களே சில எஞ்சின்களுக்குப் பூட்டி அனுப்பினார்கள். சுபாருவின் பழைய டர்போ எஞ்சின்களில் அதைக் காணலாம். அதில் தண்ணீர் ஒயிலைவிடச் சீக்கிரம் சூடாவதால் காலையில் ஒயிலைச் சூடாக்குகிறது. ஏற்றத்தில் ஒயில் மிஞ்சிப் போகும்போது அதைக் குளிர்விக்கிறது. குளிரும் சூடும் ஒரே நாளில் பார்க்கும் நமக்கு இது கச்சிதம். உங்கள் எஞ்சின் குடும்பத்தில் உயர்ந்த மொடல் ஒன்றுக்கு அப்படி வந்திருந்தால், கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒருநாள் அலைந்தாவது அதைத் தேடுங்கள். கிடைத்தால் இந்த மரைக் கணக்கும் ஹோஸ் கணக்கும் பாதியாகக் குறையும். ரேடியேட்டர் மட்டும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தச் சூட்டையும் சேர்த்துச் சுமக்கப் போவது அதுதான்.

எல்லாம் பூட்டியாயிற்று. முதல் ஸ்டார்ட்டுக்கு அவசரப்பட வேண்டாம். கூலரும் ஹோஸும் காலி. அவை நிரம்பும்வரை டர்போவுக்கு ஒயில் இல்லை. கூலருக்குள் புது ஒயிலை ஊற்றி நிரப்பி, ஃபில்டரையும் முடிந்த அளவு நிரப்புங்கள். பம்பில் டீசலை நிறுத்தும் சொலனொய்டின் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். பிறகு வயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐட்லிங்கில் விட்டுவிட்டு, டோர்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் அரை லீட்டரிலிருந்து ஒரு லீட்டர் வரை குறைந்திருக்கும். அதை நிரப்பிவிட்டு அடுத்த முறையிலிருந்து அந்தக் கணக்கோடேயே ஒயில் வாங்குங்கள்.

கூலர் இருக்கிறது என்பதற்காக ஏற்றம் முடிந்த கையோடு எஞ்சினை நிறுத்தக் கூடாது. லபுக்கலையில் டீக்கு நிறுத்தும்போது இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடும் பழக்கத்தைக் கைவிடாதீர்கள். சுற்றும் தண்டு நின்று, ஒயிலும் நின்று, பக்கத்தில் பழுத்த இரும்பு மட்டும் அப்படியே இருந்தால், புஷ்ஷுக்குள் தங்கிய ஒயில் கரியாகும். அந்தக் கரிக்கு எந்தக் கூலரும் மருந்தில்லை.

தெர்மோஸ்டட் பிளேட்டுக்கு மாறிய பிறகு என் வண்டியில் ஒயில் முள், வெலிமடைக்கு இறங்கும்போதும் 80க்குக் கீழே அதிகம் போவதில்லை. றம்பொடையில் 110க்குப் பக்கத்தில் நிற்கிறது. அடுத்த ஜனவரியில் ஒயில் மூடியைத் திறந்தபோது உள்ளே வெறும் ஒயில் படலம்தான். பாஸிடம் கொண்டு போய்க் காட்டினேன். விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, "அப்ப ஹெட்ட கழட்டாம விட்டது நல்லதாப் போச்சு தம்பி" என்றார். இப்போது அவரிடம் கூலர் கேட்டு வருகிறவர்களிடம், மீட்டர் பூட்டினாயா என்று முதலில் கேட்கிறார்.

ஃபில்டர் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஃபில்டர் இறுகிப்போயிருந்தால், அதைச் சுழற்றும்போது அதோடு சேர்ந்து பிளேட்டின் நடுப் பொல்ட்டும் தளர்ந்து வரும். வெளியே தெரியாது. புது ஃபில்டரை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே இருக்கும். அதனால் பிளேட்டின் விளிம்பிலிருந்து ப்ளொக் வரைக்கும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள், நடுப் பொல்ட்டின் தலையிலும் ஒரு கோடு. சர்விஸுக்குக் கொடுக்கும்போது அந்தக் கோடுகளை அங்கே இருப்பவருக்குக் காட்டி, பொல்ட்டை டோர்க் ரென்ச்சால் பார்த்த பிறகே புது ஃபில்டரை ஏற்றச் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.